தழும்பு தங்காத தெரு

குழந்தை பிறந்த ஆறாம் நாள், தெருவில் கடைசி டி.வி.யும் அணைந்த பிறகு, பசை காயாத வெடிக்குழாயிலிருந்து யாரோ பொறுமையாகக் காகிதத்தை உரிப்பது போன்ற சத்தம் ஒன்று கேட்டது. பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்கு அது தாலாட்டைவிடப் பழகிய சத்தம், கோணலாகச் சுற்றிய குழாயைப் பிரித்து மறுபடி சுற்றும்போது வருவது, ஆகவே நடையில் படுத்திருந்த என் மாமியார் சூசையம்மாள் அத்தை தலையைத் தூக்காமலே, "எவடி அவ, இந்நேரத்துல குழாய் சுத்துறவ, விடிஞ்சு சுத்தக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார், தெருவும் அவரோடு திரும்பிப் படுத்தது. நான் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் சத்தம் என் அடிவயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காலையில் அத்தை காலுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தபோது, இருபது வருடத்துக்கு முன்னால் உலைநீர் கொட்டி வெந்த தழும்பு பாதத்தில் இல்லை. பாதம் நேற்றுப் பிறந்ததாட்டம் வழவழவென்று இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "போச்சா? போகட்டும்," என்று சொல்லி அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அன்று மத்தியானத்துக்குள் எங்கள் லைன் வீடுகளில் யார் யாருக்கு எது எது போயிற்று என்று தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரியின் கழுத்தில் மத்தாப்புச் சிதறி உண்டான புள்ளிகள் போயின, எதிர்வீட்டுப் பையனின் கன்னத்தில் நாய் கடித்த தடம் போயிற்று, எல்லோர் தோளிலும் இருந்த தடுப்பூசி வட்டங்கள் போயின. பெற்ற தாயின் பெயரை முழங்கையில் பச்சை குத்தியிருந்த லோடுமேன் ஒருவர் மட்டும் வெறும் கையைப் பிடித்துக்கொண்டு பம்படியில் அழுதார், அவரிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

எடை பார்க்க வந்த நர்ஸம்மா தவமணி என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறவர்.

"உள்ளே நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், விரிச்ச உள்ளங்கை அளவுக்குப் பச்சைப் புண்ணாக் கிடக்கும் தாயி. ஓரத்துலேர்ந்து புதுச் சவ்வு அடியில ஊர்ந்து வந்து, பழைய புண்ணை அப்படியே தூக்கி வெளியே தள்ளிரும். அந்த உரியற சத்தந்தான் இது. எல்லாப் பொம்பளைக்கும் நடக்கிறது. உனக்குக் கொஞ்சம் உரக்க நடக்குது, அக்கம்பக்கமும் சேர்ந்து ஆறுது, அவ்வளவுதான்."

"தழும்பு?"

"அங்க தழும்பு விழாது. மாசாமாசம் உரிஞ்சு மாசாமாசம் ஆறுதே, எங்கயாவது தடம் வச்சிருக்கா? வச்சா அடுத்த பிள்ளை எங்க ஒட்டும்? ஆறு வாரம் கழிச்சுத் தேடினா டாக்டராலயே இடத்தைக் காட்ட முடியாது."

எனக்கு இது எதுவும் தெரியாது. கான்வென்ட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது, சிஸ்டர் அந்த இரண்டு தாள்களையும் ஊசிநூலால் சேர்த்துத் தைத்துவரச் சொன்னார். தையல் நேர்த்தியாக இருந்தவளுக்கு மாதா படம் பரிசு. எனக்குத்தான் கிடைத்தது. அந்தப் படம் இப்போதும் என் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது, அதன் கீழே படுத்துக்கொண்டு, என் உடம்பைப் பற்றி நானே தைத்து மூடியதை இருபத்திரண்டு வயதில் ஒரு நர்ஸம்மா வாயால் கேட்க வேண்டியதாயிற்று.

கட்டிலின் தலைமாட்டில் மாதா, தலையணைக்கு அடியில் இரும்பு. பிள்ளை பெற்றவளிடம் நாற்பது நாளும் ஒரு துண்டு இரும்பு இருக்க வேண்டும், காற்றுக் கருப்பு அண்டாது, நாற்பதாம் நாள் முடியும்வரை அதைப் பிரிக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்பது அத்தையின் சட்டம். "மாதாவும் இருக்கட்டும், இரும்பும் இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல," என்பார். ஆனால் பட்டாசுக்காரர் வீட்டில் இரும்புக்கு எங்கே போவது? கல்லில் உரசினால் பொறி பறக்கும் என்று ஆலைக்குள் கொண்டை ஊசியைக்கூட விடமாட்டார்கள், அங்கே இடிக்கும் கொட்டாப்புளி மரத்தில், அள்ளும் கரண்டி பித்தளையில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே இரும்பு அரிவாள்மனை, அது சமையலுக்கு வேண்டும். கடைசியில் என் கணவர் சவரிதான், ஆலையில் போர்மேன், சாக்குத் துணியில் சுற்றிய கனமான ஒன்றைத் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து, முகத்தைப் பார்க்காமல் என் தலையணைக்கு அடியில் செருகினார். அது ஆலையில் தீப்பிடித்ததற்கு மறுநாள். அதற்கும் மறுநாள் என் மகள் பிறந்தாள்.

தீ விபத்தில் மூன்று பெண்கள் செத்தார்கள். அன்றைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்திருந்தார், ஒரு அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம், எட்டுப் பேர் இருந்தார்கள், மிச்சப் பெண்களைப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் தள்ளி, சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. தாழ்ப்பாளே அந்தக் கதவில் கிடையாது என்றது ஆலை. கதவைப் பார்க்கலாம் என்றால் கதவு எரிந்துவிட்டது. உள்ளே இருந்து உயிரோடு வந்தவள் சண்முகக்கனி மட்டும், எங்கள் லைனில் மூன்றாவது வீடு, கூரை பறந்து சுவர் சாய்ந்தபோது அந்த வழியாக வெளியே விழுந்தவள். அவளுடைய தங்கை பொன்னுத்தாய் அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், அவள் வரவில்லை.

இதையெல்லாம் மறப்பதற்கு ஊருக்கு என் வயிறு வசதியாகப் போயிற்று.

பத்தாம் நாளுக்குள் வெந்தவர்களும் கருகியவர்களும் பக்கத்து ஊர்களிலிருந்து பாயோடு வந்தார்கள். பகலில் வந்து பிரயோசனமில்லை, இரவில் சத்தம் வரும்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நடையில் படுத்தார்கள், வாசலில் படுத்தார்கள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படுத்தார்கள், விடிந்ததும் கண்ணாடி கேட்டார்கள். முகம் வெந்ததால் நிச்சயம் நின்றுபோன இரண்டு பெண்களுக்கு அந்த வாரமே கல்யாணம் குதிர்ந்தது. அரசு சேவை மையத்தில் மட்டும் தகராறு. "சர்டிபிகேட்டில் இடது முழங்காலில் ஒரு தழும்புன்னு போட்டிருக்கு, காலைக் காட்டினா ஒண்ணுமில்ல, நீங்க அவருதான்னு நான் எதை வச்சு நம்புறது?" என்று அங்கிருந்த பெண் ஒவ்வொருவரிடமும் கத்தினாள். பிறகு அவளும் பழகிக்கொண்டு எல்லோருக்கும் வலது காதில் ஒரு மச்சம் என்று எழுத ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாம் நாள் இரவு காற்றில் என் அறைக் கதவு சாத்திக்கொண்டது, காலையில் வெளியே படுத்திருந்த பத்துப்பேரும் தங்கள் தழும்புகளோடுதான் எழுந்தார்கள். கதவு திறந்திருந்தால்தான் ஆறுகிறது, சாத்தினால் சத்தம் அறைக்குள்ளேயே சுற்றி நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். உடனே ஒருத்தர் போய் தச்சரைக் கூட்டிவந்தார், உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்தார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. தையல் ஆறாத உடம்பும் திறந்த மார்பும் வடியும் ரத்தமுமாக நான் கிடந்த அறை, ஊர் உறங்கும் கூடமாகிவிட்டது. "நல்ல காரியந்தான, பாவம், உனக்கென்ன குறைஞ்சு போகுது?" என்றார் அத்தை. எனக்கு என்ன குறைந்தது என்று சொல்ல அப்போது வார்த்தை வரவில்லை.

வார்த்தை ஆலையிலிருந்து வந்தது. மணல் வாளிகளை எடுத்துவிட்டார்களாம், இடத்தை அடைக்கிறதாம். வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் பழையபடி எட்டுப் பேராம். யாராவது "பயமா இருக்கு" என்றால், "சுட்டா சவரி பொண்டாட்டி கிட்ட ஒரு ராத்திரி படுத்து எந்திரி, சரியாப் போகும்," என்று சிரிக்கிறார்களாம். புதிதாக வந்த ஆய்வாளர் எல்லோருடைய கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்த ஆலையில் காயம் பட்டவர் எவருமில்லை என்று கையெழுத்துப் போட்டுப் போனாராம். எரிவது என்னவோ எரியத்தான் செய்தது. தினம் சாயங்காலம் என் வாசலுக்கு வரும் கூட்டத்தில் முந்தின வாரம் குணமாகிப் போன அதே பெண்களைப் பார்த்தேன், அதே கை, அதே இடம், புதிதாக வெந்து, சத்தம் போடாமல் பாய் விரித்துக்கொண்டு. மூன்றாவது தடவை வந்த ஒருத்தியிடம், "வலிக்கலையாக்கா?" என்று கேட்டேன். "வலிக்குது. ஆனா யார்கிட்டக் காட்டுறது, காலையில இருக்காதே," என்றாள்.

என் கர்ப்பப்பை மறக்கிறது என்றால் அடுத்த பிள்ளைக்கு இடம் வேண்டும் என்று மறக்கிறது. முதலாளிக்காக அல்ல. இதை அன்றைக்கு அந்த முற்றத்தில் எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். நான் பயந்தவள். வீடு ஆலை வீடு, சோறு ஆலைச் சோறு, அம்மா அப்பா இல்லாத என்னைக் கான்வென்ட் விடுதியிலிருந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். நான் பால் கொடுத்தேன், படுத்துக்கொண்டேன்.

சத்தம் நாளுக்கு நாள் தூரம் போயிற்று. முப்பதாம் நாள் தெருவைத் தாண்டியது, முப்பத்தைந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. கனியக்கா ஒருத்திதான் அதில் அகப்படாமல் இருந்தாள். சத்தம் தொடங்கிய வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பத்து மைல் தள்ளி அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். "இலவசமா வர்ற அழகை வேண்டாங்கிறா, திமிர் பிடிச்சவ," என்று தெரு அவளை ஏசியது.

முப்பத்தெட்டாம் நாள் நடுப்பகலில் அவள் என் வாசலில் வந்து நின்றாள், வலது கையில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

"பகல்ல உன் பக்கத்துல வந்தா கை போயிராதுல்ல? விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள். எட்டிக் குழந்தையைப் பார்த்தாள். "அடப்பாவமே, மூக்கு அப்படியே உன் மாமியா மூக்கு. வளர்ந்து என்ன அதட்டு அதட்டப் போகுதோ."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. அவள் துணியைப் பிரித்தாள்.

"ஜன்னல் கம்பிக்கு நடுவுல கையை விட்டு வெளித் தாழ்ப்பாளைத்தான் பிடிச்சு இழுத்தேன். கொதிச்சுக் கிடந்துச்சு. நகரல. பொன்னுத்தாயி பின்னாடி நின்னு இழு அக்கா, இழுன்னு கத்துறா."

உள்ளங்கையின் குறுக்கே விரல் தடிமனுக்கு ஒரு கம்பி, கட்டைவிரல் மேட்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு இதழ்ப் பூ. இளஞ்சிவப்பாக, மேடாக, அச்சு வார்த்தாற்போல் ஆறியிருந்தது.

"ஆஸ்பத்திரியில அடுப்புல சுட்டதுன்னு எழுதிட்டான் ஆலை டாக்டரு. அப்பக் கை வெறும் கரிக்கட்டை, ஒண்ணும் தெரியல. ஆறினப்புறந்தான் பூ எந்திரிச்சு வந்துச்சு. போட்டோ கொண்டுபோனா, போட்டோவை யாரும் பண்ணலாம், கையைக் கொண்டான்னு சொல்லிட்டாரு ஆர்.டி.ஓ. இன்னும் மூணு நாள்ல விசாரணை." துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணும் கேட்க வரல புள்ள. பச்சை உடம்புக்காரி. சும்மா உனக்கும் தெரியட்டும்னுதான்."

அவள் போன பிறகு நான் செய்யக் கூடாததைச் செய்தேன். தலையணையைத் தூக்கி, சாக்குத் துணியைப் பிரித்தேன். ஒரு பக்கம் கருகிய தாழ்ப்பாள். கம்பி விரல் தடிமன். குமிழ்த் தலையில் வார்ப்பிலேயே நாலு இதழ்ப் பூ. கம்பியில் தோல் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது, அதை மட்டும் என் வயிற்றுச் சத்தத்தாலும் உரிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு ராத்திரி நானும் என் மகளும் அதன்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறோம்.

திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். என் கணவரிடம் கேட்கவில்லை. அவர் சாப்பிடும்போது அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுத்தமான கைகள், ஒரு கீறல் இல்லை.

நாற்பதாம் நாள் சாயங்காலம் மேனேஜர் ஆர்லிக்ஸும் கொசுவலையும் கொண்டுவந்தார். "காலையில பத்து மணிக்கு விசாரணை. கனியோட அண்ணன் ஊர்லேர்ந்து முதல் பஸ்ஸே பன்னெண்டுக்குத்தான், அதனால ராத்திரி இங்கதான் தங்கியாகணும். இங்க லாட்ஜ்ல அவளுக்கு ரூம் கிடைக்காது, அதை நாங்க பாத்துக்கிட்டோம்." குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "கதவு நல்லாத் திறந்திருக்கட்டும் தாயி. கை சுத்தமா இருந்தா கேஸும் சுத்தம்."

கனியக்கா இருட்டும் நேரத்தில் வந்தாள். தன் வீட்டுக்குள் போகவில்லை, தெருவிளக்குக் கீழே தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கனி, காவலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா. என் கையை எவனும் களவாண்டுட்டுப் போயிராம."

"தூங்கிட்டா?"

"தூங்குனாத்தான?"

முதலில் பாட்டுப் பாடினாள். பிறகு குழாய் எண்ணுவது மாதிரி ஒன்று இரண்டு என்று எண்ணினாள். சரியாகத் தூங்கிப் பல ராத்திரி ஆனவள் என்று குரலிலேயே தெரிந்தது. எண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றுவிட்டாள். நான் எழுந்து சாத்திய ஜன்னலின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரில் தலை சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, துணி அவிழ்ந்து வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது, விளக்கு வெளிச்சத்தில் பூ தெரிந்தது.

என் வயிற்றில் உரிகிற சத்தம் தொடங்கியது.

தாழ்ப்பாளை எடுத்தேன். அத்தை எதையும் வீணாக்காதவர், கழற்றிய திருகாணிகளை அலமாரி டப்பாவில்தான் போட்டுவைத்திருந்தார். பழைய ஓட்டைகளில் இரண்டுதான் பொருந்தின. கான்வென்ட் விடுதியில் எங்கள் டிரங்குப் பெட்டிகளுக்கு நாங்களேதான் கொண்டி மாட்டிக்கொள்வோம், சில்லறைக் காசால் திருகக் கை மறக்கவில்லை. ஒவ்வொரு திருகுக்கும் தையல் போட்ட இடம் சுண்டியது. முதலாவது இறுகியபோது, நடையில் படுத்திருந்த என் கணவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"என்ன பண்ற?"

"தாழ்ப்பாள் மாட்டுறேன்."

அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"கிணத்துல போடச் சொன்னாங்க பிலோமி. போடத்தான் பையில வச்சேன். வீட்டுக்கு வந்தா அம்மா இரும்பு கொண்டாந்தியான்னு கேட்டுச்சு. நீ வலியில கிடந்தே. வேற இரும்பு இல்ல."

"போடச் சொன்னது கிணத்துல. பூட்டச் சொன்னது யாரு?"

"போன்ல... முதலாளிதான். அந்தக் கை அழியலைன்னா பிடிக்கிறது என்னைத்தான். அவரை இல்ல. பச்சைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நீ எங்க போவே?"

அதுதான் என் பயமும். இரண்டு நாளாக அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது திருகாணியை மாட்டினேன்.

"காலையில கனியக்கா கையைக் கொண்டு வருவாங்க. நான் இதைக் கழற்றிக் கொண்டுபோவேன். ரெண்டையும் பொருத்திப் பார்க்கட்டும். போன்ல கேட்டதை நீங்க வந்து சொல்லுங்க. சொல்லாட்டி நான் சொல்லுவேன்."

ஜன்னலில் மறுபடி பார்த்தேன், கனியக்கா கையில் பூ இன்னும் இருந்தது. செங்கல்லை நகர்த்திக் கதவைத் தள்ளினேன். மூட முடியவில்லை. அவர் எழுந்து காலை நடுவில் வைத்திருந்தார். வெளியே சத்தம் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது, தொட்டிப் பக்கம் யாரோ தூக்கத்தில் சுகமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

"அன்னிக்கு அவங்க உள்ள நின்னு கதவைத் தட்டினப்போ நீங்க எங்க நின்னீங்க?"

தாழ்ப்பாளைப் பார்த்துச் சொன்னார். "வெளியே."

"இன்னிக்கும் அங்கேயே நில்லுங்க."

கால் பின்னால் போயிற்று. கதவைச் சாத்தினேன், சத்தம் என்னோடும் என் மகளோடும் அறைக்குள் நின்றது. குமிழைப் பிடித்துத் தள்ளினேன், முதலில் முரண்டியது, பிறகு நகர்ந்தது, நாலு இதழும் என் உள்ளங்கையில் அழுந்த, வெளியிலிருந்தே போடப்பட்டுவந்த அந்தத் தாழ்ப்பாள் முதல் முறையாக உள்ளே இருந்து விழுந்தது.